ஒரே அடுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவுரிமுத்து வீட்டில் ஒரே அடுப்பு எரியும். மற்ற நாட்களில் இரண்டு. முன் அறையில் தம்பி துரையின் மனைவி பேபி வைத்திருந்த கேஸ் அடுப்பு. பின் அறையை ஒட்டிய ஓலைச் சார்ப்பில் சவுரிமுத்துவின் மனைவி அருள்மேரியின் மண்ணெண்ணெய் ஸ்டவ். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தது யார் என்று கேட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் காட்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டும். நாகல்கேணியில் இது ஒன்றும் அதிசயம் இல்லை, தெருவுக்கு நாலு வீடு அப்படித்தான் இருந்தது. ஆனால் மாதம் ஒரு நாள் தாழ்ப்பாள் திறந்து, நாலு தட்டு வரிசையாக விழுந்த வீடு அது ஒன்றுதான். அதுவும் ஆராய்ச்சிக்காக.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. குரோம்பேட்டைக்கு மேற்கே தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரால் கிணறெல்லாம் கெட்டுப்போயிற்று என்று வழக்கு நடந்து, சுத்தம் செய்ய வழி இல்லாத ஷாப்புகளை மூடச் சொல்லிவிட்டார்கள். சவுரிமுத்து வேலை செய்த ஷாப்பும் அதில் ஒன்று. இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைப் புரட்டிய மனுஷன். முழங்கை வரைக்கும் தோல் வெளுத்து, நகமெல்லாம் தேய்ந்து, பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட் தேடிப் போகும்படி ஒரு வாடை. அந்த வாடையில்தான் தம்பி துரை படித்தான். அம்மா செத்தபோது துரைக்கு ஏழு வயது. கல்யாணமாகி மூன்றே மாதமான அருள்மேரிதான் அவனுக்குத் தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்து ஆளாக்கினாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாதபடி அவன் இருந்தான். ஐ.டி.ஐ. முடித்து, தாம்பரத்தில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மிஷின் பார்க்கிற வேலையில் சேர்ந்து, சட்டையில் பேனா சொருகிக்கொண்டு போகிற ஆளானான்.

ஷாப்பு மூடிய இரண்டாம் மாதம் சவுரிமுத்துவுக்கு இருமல் வந்தது. பேபிக்குக் கையில் ஆறு மாதக் குழந்தை. “கொழந்த கீற வூடுக்கா. எனுக்கு பயமாக் கீது. தப்பா நெனச்சிக்காதே” என்று அருள்மேரியிடம் சொன்னாள். அப்படிச் சொன்ன அன்றைக்கே அடுப்பு தனியாகிவிட்டது. பேபியைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பயந்தவள், அவ்வளவுதான். பயந்தவர்கள் செய்கிற கெடுதலுக்குப் பதில் சொல்லுவதுதான் கஷ்டம்.

தபீதாள் முதல் தடவை வந்தது மே மாத வெயிலில். மேற்குத் தாம்பரத்துப் பெண், பொருளாதாரம் படித்தவள், பட்டணத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. தோள் பையில் நீள நீளமாகப் படிவங்கள், ஒரு சின்னத் தராசு, மடக்குக் குடை. ஷாப்பு மூடின பிறகு தொழிலாளி வீடுகள் எப்படி இருக்கின்றன, தண்ணீர் தெளிந்ததா, வருமானம் குறைந்ததா, வீட்டுக்குள் யாருக்குச் சோறு கூட, யாருக்குக் குறைச்சல் என்று ஒரு வருஷம் பார்த்து எழுதப் போகிறார்களாம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும் அவள் கேட்ட கேள்வியில் சவுரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது.

“இந்த வீட்ல எத்தனை அடுப்புண்ணா?”

“ஏம்மா, கெவுருமெண்ட்ல அடுப்பு குடுக்கப் போறாங்களா?”

“இல்லண்ணா. ஒரே அடுப்புல சாப்பிடறவங்கதான் ஒரு குடும்பம். எங்க கணக்கு அப்படி. ஒரே கூரைக்குக் கீழ இருந்தாலும் அடுப்பு ரெண்டுன்னா குடும்பம் ரெண்டு. ஃபாரமும் ரெண்டு.”

துரை அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு முன் வாசலில் நின்றிருந்தான். அவன் காதில் விழுந்தது. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவனைப் பார்க்காமலே சொன்னார்.

“ஒரே அடுப்புமா. ஒரே அடுப்புனு எழுதிக்கோ. இவன் என் தம்பி. நான் பெத்த புள்ள மாதிரி. எங்க வூட்ல ரெண்டு கெடையாது.”

அருள்மேரி சார்ப்புப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். துரை தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை, அந்த மட்டுக்கு அவனிடம் வெட்கம் மிச்சம் இருந்தது.

“அப்ப மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வருவேன்” என்றாள் தபீதாள். “கோயில் முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு. அன்னிக்கி என்ன சமைக்கறீங்களோ அதை எடை போட்டு, தட்டுல யார் யாருக்கு எவ்வளவு விழுதுன்னும் எடை போடணும். எனக்காக ஸ்பெஷலா எதுவும் பண்ணாதீங்க.”

அவள் போன பிறகு முன் அறையில் புருஷன் பெண்டாட்டி பேச்சு கதவைத் தாண்டிக் கேட்டது.

“நீ இன்னாத்துக்கு வாய மூடிகினு நின்ன? தனியாக் கீறோம்னு சொல்லக் கூடாது?”

“எப்டி பேபி சொல்றது? அவுரு மூஞ்சப் பாத்துகினு எப்டி சொல்றது?”

“அப்ப மாசாமாசம் ஆட்டம் ஆடுறதா?”

“மாசத்துல ஒரு நாளு. ஒரு வேள. வுடேன்.”

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு காலையில் தாழ்ப்பாள் திறந்தது. பேபியே காரப்பொடி மீன் வாங்கிவந்து, ஆய்ந்து, புளி கூடப் போட்டுக் குழம்பு வைத்தாள். அருள்மேரி அதே கேஸ் அடுப்பில் உலை வைத்தாள். இரண்டு பேருக்கும் அடுப்படியில் இடம் போதாமல் முழங்கை இடித்துக்கொண்டதில் பழைய நாள் ஞாபகம் வந்து இருவரும் சிரித்துக்கூட விட்டார்கள். தபீதாள் தட்டை வாங்கி வாங்கித் தராசில் வைத்தாள். சவுரிமுத்து முதலாளி மாதிரி உத்தரவு போட்டார்: “எல்லார்க்கும் ஒரே மாதிரி போடு மேரி. பொம்பளைக்குக் கம்மி, ஆம்பளைக்கு ஜாஸ்தினு இருக்கக் கூடாது. மேடம் எழுதிகினு கீறாங்க.” எழுதி முடித்ததும் தன் தட்டிலிருந்த மீனில் பாதியை எடுத்துத் துரை தட்டில் போட்டார். தபீதாள் பேனாவோடு நிமிர்ந்தாள்.

“அண்ணா, இது தப்பு. மறுபடி எடை போடணும்.”

“அது பழக்கம்மா. அவனுக்கு ஏழு வயசுலேர்ந்து. பழக்கத்த எல்லாம் எட போடாத.”

துரை அந்த மீனைத் தின்றான். முள்ளைக்கூட மென்றான். சவுரிமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, தபீதாள் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பினதும் பேபி தட்டுகளைப் பிரித்தாள். அவளுடையது இரண்டு, அவர்களுடையது இரண்டு. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

மீதி இருபத்தொன்பது நாள் எப்படிப் போயிற்று என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. பெருங்களத்தூரில் அப்போது வரிசையாக அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அருள்மேரி அங்கே சித்தாள் வேலைக்குப் போனாள். நாற்பத்திரண்டு வயதில் கலவைச் சட்டியைத் தலையில் வைத்து மூன்று மாடி ஏறுவது என்ன என்று ஏறினவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் வந்து கஞ்சி காய்ச்சுவாள். சவுரிமுத்து பாதி குடித்துவிட்டுப் போதும் என்பார். தெரு அடிபம்பில் தண்ணீர் முன்பு டீ நிறத்தில் வரும், இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவந்தது. தபீதாள் அதையும் ஒவ்வொரு மாதமும் கேட்டு எழுதிக்கொண்டாள். “தண்ணி தெளிஞ்சிடுச்சு மேடம்” என்று அருள்மேரி சொல்லுவாள். அதில் கொதிக்க வைக்க என்ன இருக்கிறது என்று கேட்கப் படிவத்தில் இடம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்டில் இருமலில் ரத்தம் வந்தது. தாம்பரம் சானடோரியத்துக்கு அழைத்துப்போனாள். டி.பி. என்றார்கள். மருந்து மாத்திரை எல்லாம் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். டாக்டரம்மா அன்பாகவே பேசினாள். “மாத்திரையை வெறும் வயித்துல போட்டா உடம்பு தாங்காதும்மா. முட்டை, பால், பருப்பு, வயிறு நெறையச் சோறு. பாதி மருந்து அதுதான்.” அந்தப் பாதி மருந்து எந்தக் கவுண்டரில் கொடுப்பார்கள் என்று அருள்மேரி கேட்கவில்லை.

அக்டோபர் ஞாயிறன்று, கை கழுவ அடிபம்புக்கு வந்த தபீதாள்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

“அக்கா, ஒரு டிரஸ்ட்டுக்காரங்க வந்திருக்காங்க. ஷாப்பு மூடினதால ரொம்பக் கஷ்டப்படற முப்பது வீட்டுக்கு ஒரு வருஷம் அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் தரப் போறாங்க. டி.பி. இருக்கற வீடுன்னா முதல்ல. எங்க ஃபாரத்தைப் பாத்துத்தான் எடுக்கறாங்க.”

அருள்மேரி பம்பு அடிப்பதை நிறுத்தினாள். “எங்க வூடு வருமா மேடம்?”

“உங்களுக்கு எதுக்குக்கா? தம்பி சம்பாதிக்கறாரே. ஒரே அடுப்பு. நாலு பேருக்கும் வகுத்தா உங்க வீடு நடுவுல வருது. உங்களைவிட மோசமா எத்தனை வீடு இருக்கு தெரியுமா?” என்று சொல்லிவிட்டுத் தபீதாள் சிரித்தாள். “எங்க வைத்தீஸ்வரன் சார்தான் ஆராய்ச்சிக்கே தலைவர். அவர் மீட்டிங்ல பேர் சொல்லாம உங்க வீட்டைத்தான் சொன்னாரு. இருநூறு வீட்ல எல்லாத் தட்டுலயும் சமமா விழற வீடு இது ஒண்ணுதானாம். அண்ணன் வேலை போனாலும் தம்பி தாங்கறாருன்னு சார்க்கு அவ்வளவு சந்தோஷம்.”

உண்மை அருள்மேரியின் நாக்கு நுனியில் நின்றது. உள்ளே சவுரிமுத்துவும் துரையும் ஏதோ பழைய கால்பந்து மேட்சைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது வேண்டாம், அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. கட்டட வேலை நின்றது. தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாள் பால் இல்லாத வறட்டீ மட்டும் குடித்து இருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. ஒருதரம் பேபி யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணம் குழம்பைச் சார்ப்பு ஓரம் வைத்துவிட்டுப் போனாள். சவுரிமுத்து அதைத் தொடவில்லை. “கூப்ட்டு வெச்சா துன்னலாம். வெச்சிட்டு ஓடுனா துன்ன முடியாது” என்றார்.

அந்த வாரம் சானடோரியத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கையில், ஒரே குடைக்குக் கீழே அருள்மேரி முடிவாகச் சொன்னாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம அந்த மேடம் கைல சொல்லிடப் போறேன். ரெண்டு அடுப்புனு. மொதோ நாள்லேர்ந்தே ரெண்டுனு. அரிசி, முட்ட எல்லாம் தராங்களாம். நீ பொழச்சிக்குவ.”

அவர் ரோட்டையே பார்த்தார். பெருங்களத்தூர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று.

“இன்னாங்க, காதுல வுழுதா?”

“மேரி, ஒண்ணு சொல்றேன். கோச்சிக்கக் கூடாது. அந்தப் பொண்ணு வர்ற அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே நான் முழிச்சிகினு கீறேன், தெரியுமா உனுக்கு? தாப்பா எப்ப தொறக்கும்னு. தட்டு எடுத்துகினு வந்து எம் பக்கத்துல ஒக்கார்றான் பாரு. மாசத்துல ஒரு வேள. அத்தப் புடுங்கிடாத.”

“ஒரு வேள சோத்துக்காவ மீதி நாளெல்லாம் பட்டினி கெடப்பியா?”

“சோத்துக்கு இல்லடி.”

“அவன் வந்து ஒக்காரணும், அவ்ளோதானே? நான் போயி சண்ட போட்டு இட்டாறேன். நான் வளத்த புள்ள, எனுக்கு இல்லாத உரிமையா?”

“சண்ட போட்டு இட்டாந்தா வருவான். வந்து நிப்பான். ஒக்கார மாட்டான்.” இருமல் வந்து அவர் குனிந்தார். அவள் முதுகைத் தடவினாள். எலும்பு எண்ணிவிடலாம் போல இருந்தது. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர், இருமலாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. “ரெண்டுனு எழுதிட்டா அவன் ஏன் வரப் போறான், சொல்லு? நான் போற வரைக்கும் ஒண்ணாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணு.”

பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்க, நனைந்த கையில் அவள் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னைத் திட்டாத நாள் இல்லை. புருஷன் கேட்டதைக் கொடுத்தாள், அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

டிசம்பரில், ஜனவரியில், நாலு தட்டும் வரிசையாகத்தான் விழுந்தன. பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு அவரால் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். துரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டினான். அவர் அதை வெகு நேரம் மென்றுகொண்டே இருந்தார். பத்து நாள் கழித்து, புதன்கிழமை மத்தியானம், அருள்மேரி வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. துரை தெருவே கேட்கும்படி அழுதான். பேபியும் அழுதாள். அருள்மேரிக்குத்தான் அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து குளித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் மாதம் தவக்காலம். இரண்டாவது ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத் தபீதாள் வந்து குடையை மடக்கினாள். அவளுக்குச் செய்தி தெரியாது.

“என்னக்கா, இன்னும் உலை வைக்கலையா?”

பின் அறையில் கயிற்றுக் கட்டில் நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பையை இறக்கிவிட்டு அருள்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு ஃபாரம் வேணாம்க்கா” என்றாள் தபீதாள்.

“எழுது மேடம். அவுருக்குப் பண்ண சத்தியம் முடிஞ்சிபோச்சி. எழுது. ரெண்டு அடுப்பு. நீ மொதல்ல வந்தன்னிக்கே ரெண்டு. நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் ஒண்ணு.”

தபீதாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பேனாவைக் கீழே வைத்தாள்.

“அப்ப மத்த நாளெல்லாம்?”

“கஞ்சி. அதுவும் கெடச்சா.”

“ஐயோ, ஏன்க்கா சொல்லல? முப்பது வீட்டு லிஸ்ட்ல உங்க பேருதான் முதல்ல வந்திருக்கும். நான் கேட்டேனே, மாசாமாசம் கேட்டேனே.” அவள் அழத் தொடங்கிவிட்டாள். “நான்தானே எடை போட்டேன். போன மாசம் அண்ணா தட்டுல அறுபது கிராம் சோறு. எழுதிட்டு எழுந்து போயிட்டேனே.”

“உன்னிய ஒண்ணும் சொல்லல. நீ பாத்தத எழுதுன. இப்ப சரியா எழுது.”

தபீதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதை எழுதினா இதுவரைக்கும் எழுதின அத்தனை ஃபாரமும் பொய்யின்னு ஆயிடும். குறுக்கே கோடு போட்டு ரத்து பண்ணணும். உங்க வீடே ஆராய்ச்சியில இல்லாம போயிடும்க்கா. இப்ப லிஸ்ட்லயும் சேர்க்க முடியாது. உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.”

“எனுக்கு ஒண்ணும் வேணாம். எம் புருசன் வூட்ல நாலு தட்டுலயும் சமமா வுழுந்திச்சினு உங்க சார் பேசிகினு இருக்கக் கூடாது. அவரு பசிலதான் செத்தாரு. எல்லாத்தையும் கோடு போட்டு அடி.”

கதவு திறந்தது. துரை நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

“அடிக்காதீங்க மேடம்.” அவன் அருள்மேரி பக்கம் திரும்பினான். “அண்ணி, சொல்லு அண்ணி. நான் எங்க அண்ணங்கூட ஒக்காந்து துன்னதுக்கு வேற இன்னா சாட்சி கீது? அதுல மட்டும்தான் கீது. அத்தயும் அடிச்சிட்டா நான் ஒரு நாளு கூட அவருக்கு சோறு போடாதவன்தானே?”

அருள்மேரி அவனைப் பார்த்தாள். ஏழு வயதில் அவள் மடியில் படுத்துத் தூங்கினவன். அவன் தலையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கை துடித்தது. வைத்துக்கொள்ளவில்லை.

“அந்தத் தட்ட எடுத்துகினு வர நடுவுல ஒரு கதவுதான் துரை இருந்திச்சி. பேப்பர் வந்து தொறக்கணும்னு நீ காத்துகினு இருந்த. அவரும் காத்துகினு இருந்தாரு.” அவள் திரும்பினாள். “அடிம்மா.”

தபீதாள் மடியில் படிவங்களை விரித்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். ஜூன். ஜூலை. துரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிப்ரவரிப் படிவம் வந்ததும் அருள்மேரி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“இதுல இன்னா எழுதிக் கீது?”

“சவுரிமுத்து, நாற்பத்தாறு வயசு. சோறு அறுபது கிராம். ரசம். மீன் இல்லை.”

“பக்கத்துல யாரு ஒக்காந்தாங்கன்னு எழுதிக் கீதா?”

தபீதாள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். “அதுக்கு இடம் இல்லக்கா.”

அருள்மேரி கையை எடுத்துக்கொண்டாள். தபீதாள் கோட்டை இழுத்து முடித்தாள். அப்போதுதான், புதைத்து வந்து பதினேழு நாளைக்குப் பிறகு, அருள்மேரி வாய்விட்டு அழுதாள்.